அழுகலுக்கு நாள் குறிப்பவர்கள்

1905ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கரைக்குப் போனவர்கள் யாரிடமும் வழி கேட்டிருக்க மாட்டார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் போதும், மூக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கும். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட முத்துச் சிப்பிகள் மன்னார் வளைகுடாவின் பார்களிலிருந்து கரைக்கு வந்தன. மொத்தமாக ஏலத்தில் எடுத்த வியாபாரிகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கத்தி வைத்துத் திறக்கவில்லை. வேலியடைத்த முற்றங்களில் குவித்து, வெயிலில் விட்டு, ஒரு வாரமோ பத்து நாளோ அழுக விட்டார்கள்.

அந்த நாட்களில் அங்கே இரவு பகலாக வேலை பார்த்தவை ஈப்புழுக்களும் பற்றீரியாக்களுந்தான். கூலி இல்லை, ஓய்வு இல்லை. சதை கூழாகிப்போன பிறகு பழைய வள்ளங்களில் கடல்நீரை நிரப்பிச் சிப்பியை அலசி, ஓட்டைத் தூர எறிந்து, அடியில் தங்கிய சேற்றை உலர்த்திச் சலித்து முத்தைப் பொறுக்கினார்கள். சதை போனது, முத்து அப்படியே இருந்தது. முத்தென்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, அதில் பற்றீரியாவின் வாய்க்கு ருசியான பண்டம் மிகக் கொஞ்சம். அந்த ஆண்டு அரசாங்கத்தின் கணக்கில் விழுந்தது சுமார் 25 இலட்சம் ரூபா. நாற்றத்துக்கு அவ்வளவு விலை!

இனி அதே கடற்கரையில் வடக்கே வந்து, பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் நுழைந்து, பேசாலையில் நிற்கலாம். இங்கும் கடலிலிருந்து வந்த சதைதான் வெயிலில் கிடக்கிறது. கட்டா, சீலா, திருக்கை, சுறா, வாளை, நெத்தலி. அதே வெயில், அதே காற்று, அதே ஈ. ஆனால் இங்கே சதை அழுகக் கூடாது. கொழும்புக்கும் மலையகத்துக்கும் போய், அங்கே கடையில் மாதக்கணக்கில் தொங்கி, கடைசியில் ஒரு வீட்டுச் சட்டிக்குள் விழும்வரை அது தாங்க வேண்டும். ஒரே கரையில் ஓரிடத்தில் பற்றீரியாவுக்கு விருந்து வைத்தார்கள், இன்னோரிடத்தில் கதவைச் சாத்துகிறார்கள். மன்னார் மக்களின் தொழில்களில் பல இந்தக் கதவை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்ற கணக்கில் நிற்கின்றன. இதை ஆய்வுகூடத்தில் படித்தவர்கள் குறைவு. கையால் படித்தவர்கள்தான் அதிகம்.

கதவு எதற்கு என்பதற்கு ஒரு கணக்கு. மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவுக்கு வேண்டிய உணவும் சூடும் ஈரமும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். ஒரு மணித்தியாலத்தில் எட்டு. இது என்ன பெரிய எண் என்று தோன்றும். ஆனால் 24 மணித்தியாலத்தில் 72 தடவை இரட்டிக்கும். கண்ணுக்கே தெரியாத ஒன்றிலிருந்து 4,000 தொன்னுக்கு மேல் பற்றீரியா வந்துவிடும். இரண்டாம் நாள் முடிவில் அதன் எடை பூமியின் எடையைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பூமி இன்னும் பூமியாகவே இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கும் இரண்டு நாள் ஓடியதில்லை. தின்ன இருப்பது தீர்ந்துவிடும், தன் கழிவிலேயே தான் மூழ்கும், குளிரும் அல்லது கொதிக்கும், புளிக்கும், காயும், யாராவது தின்றுவிடுவார்கள். உயிரியலில் வியப்புக்குரியது பற்றீரியா பெருகும் வேகத்தைவிட, அந்த வேகம் எப்போதும் எங்கோ முட்டி நின்றுவிடுவதுதான்.

பேசாலையில் அது முட்டுவது தண்ணீரில். சரியாகச் சொன்னால், தண்ணீர் இல்லாமையில்.

உயிரோடு நீந்தும் மீனின் சதைக்குள் பற்றீரியா கிடையாது. அவை இருப்பது தோலின் வழுவழுப்பிலும் செவுளிலும் குடலிலும். மீன் செத்ததும் காவல் கலைகிறது. அதனால்தான் கருவாட்டு வேலையில் முதல் வெட்டு வயிற்றில் விழுகிறது. குடலையும் செவுளையும் எடுத்தெறிந்து, கடல்நீரில் கழுவி, பெரிய மீனானால் முதுகுப் பக்கம் பிளந்து, சதையில் கீறல் போட்டு, தொட்டியிலோ பிளாஸ்டிக் பீப்பாயிலோ ஒரு வரி மீன் ஒரு வரி உப்பு என்று அடுக்குகிறார்கள். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பழகிய அளவு. சில மணித்தியாலத்தில் தொட்டியின் அடியில் நீர் ஊறத் தொடங்கும். யாரும் ஊற்றாத நீர் அது. மீனே விட்ட நீர்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர். உப்புச் செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் ஓடும். மீன் சதையிலிருந்து ஓடுவதுபோலவே அதன்மேல் இருக்கும் பற்றீரியாவின் உடலிலிருந்தும் நீர் வெளியே ஓடுகிறது. வற்றிய பலூன்போல அதன் உள்ளுடல் சுவரைவிட்டுச் சுருங்கிக்கொள்கிறது. உணவு முன்னால் மலைபோல் கிடக்கிறது. தின்பதற்கு வேண்டிய ஈரந்தான் இல்லை. சுற்றிலும் சமுத்திரம் இருக்கக் குடிக்க ஒரு மிடறு இல்லாமல் தவிக்கும் மாலுமியின் நிலை.

ஒரு பொருளில் பற்றீரியா பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு என்பதை விஞ்ஞானிகள் ஒரு எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு 1. பச்சை மீனுக்கு ஏறத்தாழ 0.99. உணவைக் கெடுக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை 0.91க்குக் கீழே பெருகுவதில்லை. இனி உப்பு கரையாது என்ற அளவுக்கு உப்புக் கரைத்த நீருக்கு 0.75. இதற்கிடையில் உள்ள சிறு இடைவெளியில்தான் கருவாட்டுத் தொழில் முழுவதும் நடக்கிறது. பச்சை மீனில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது வீதம்வரை நீர். உப்பில்லாமல் காயவைத்தால் அதை 25 வீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் பற்றீரியா அடங்கும், பூஞ்சணமும் வராதிருக்க வேண்டுமானால் 15 வீதம்வரை இறக்க வேண்டும். உப்புப் போட்டதில் 35, 40 வீதம் நீர் இருந்தாலும் பற்றீரியாவுக்குப் பயன்படாது, உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நெத்தலியும் சூடையும் உப்பில்லாமலே மணலில் காய்வதற்குக் காரணம் அவற்றின் மெலிந்த உடல். ஒரு வெயிலிலேயே எலும்புவரை காய்ந்துவிடும். திருக்கைக்கும் சுறாவுக்கும் அது நடவாது.

வெயில் நீரை எடுப்பதோடு நிற்பதில்லை. 1877இல் ஆதர் டவுன்ஸ், தோமஸ் பிளண்ட் என்ற இரு இங்கிலாந்துக்காரர்கள் சூரிய ஒளியே பற்றீரியாவைக் கொல்கிறது என்று காட்டினார்கள். ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் மரபுப் பொருளைச் சிதைத்துவிடுகின்றன. ஆனால் கருவாடு காய்வதில் வெயிலைவிடக் காற்றுக்குத்தான் பங்கு கூட என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் தீவில் காற்றுக்குக் குறைவே இல்லை. தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களும் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. அவற்றுக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதே காற்றைக் கருவாட்டுக்காரர் பயன்படுத்திவிட்டார்கள், அதுவும் மின்மானி இல்லாமல்.

காற்றில்லாத கொடும் வெயில் உண்மையில் கெடுதல். மேல்சதை சட்டென்று இறுகி ஓடுபோலாகிவிடும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபடும். பார்த்தால் நல்ல கருவாடு. முள்ளை ஒட்டிய பகுதியில் மட்டும் இருட்டும் ஈரமும் சூடும் சேர்ந்திருக்கும். பற்றீரியாவுக்கு அதைவிட நல்ல குடியிருப்பு வேண்டாம்.

அரைகுறையாகக் காய்ந்த மீன் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பெயர்பெற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் பாதி காய்ந்த சின்னஞ்சிறு சாளை மீனைத் தின்ற 272 பேர் நோயுற்றார்கள், 20 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிய சுனெசபுரோ புஜினோ அதுவரை யாரும் அறிந்திராத ஒரு பற்றீரியாவைக் கண்டார். இன்று அதன் பெயர் விப்ரியோ பராஹீமோலிட்டிக்கஸ். கடலின் பிள்ளை அது. உப்பில்லாமல் அதனால் வாழ முடியாது, நல்ல தண்ணீரில் வெடித்துப்போகும். இளஞ்சூட்டில், கடலளவு உப்பில், ஈ. கோலையின் பாதி நேரத்திலேயே இரட்டிக்கும். கொஞ்சம் உப்பு அதற்கு விருந்து, நிறைய உப்புத்தான் அதற்கு வேலி. கடல்நீரில் நனைத்தெடுத்தால் உப்புப் பிடித்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். கடலில் இருப்பது மூன்றரை வீத உப்பு. விப்ரியோவுக்கு அது தாய்வீடு.

நிறைய உப்பும் எல்லோரையும் நிறுத்திவிடாது. மனிதரின் மூக்கிலும் தோலிலும் இருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா 0.86 வரை தாக்குப்பிடிக்கும். மற்றவை எல்லாம் உப்பில் ஒடுங்கிவிட்ட பிறகு போட்டிக்கு ஆளில்லாத மைதானத்தில் அது மட்டும் ஓடும். புண்ணுள்ள கையோடு கருவாட்டைப் புரட்ட வேண்டாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வது இதற்காகத்தான். அது விடும் நஞ்சைக் குழம்பின் கொதிப்பும் அழிக்காது.

கொதிப்பு அழிக்காத இன்னொன்றும் உண்டு. சூரை, கும்பளா, அறக்குளா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. பிடித்த மீன் படகில் நெடுநேரம் வெயிலில் கிடந்தால் சில பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு உப்புப் போட்டாலும் எவ்வளவு காயவைத்தாலும் பற்றீரியா நிற்குமே தவிர ஹிஸ்டமின் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, உடல் தடித்து, தலையிடிக்கும். ‘மீன் ஒவ்வாது’ என்று பலர் தம் உடம்பைக் குறை சொல்வதுண்டு. குற்றம் சில வேளை படகில் கழிந்த அந்த நான்கு மணித்தியாலத்தினுடையது.

ஐஸ் பெட்டி வந்தது இந்த இடைவெளியைச் சுருக்க. இதில் வெப்ப நாட்டுக் கடற்றொழிலாளருக்கு இயற்கை கொடுத்த ஒரு சலுகை இருக்கிறது. வட ஐரோப்பாவின் குளிர்கடல் மீனைவிட நம் கடல் மீன் ஐஸில் கூடுதல் நாள் தாங்கும். குளிர்கடல் மீனின் மேல் வாழும் பற்றீரியாக்கள் பிறந்ததிலிருந்தே குளிருக்குப் பழகியவை, ஐஸ் அவற்றுக்குப் பெரிய வேறுபாடில்லை. மன்னார் மீனின் மேல் இருப்பவை ஏறத்தாழ 30 பாகைச் சூட்டில் வளர்ந்தவை. ஐஸ் பட்டதும் விறைத்துப்போகும். குளிரைத் தாங்கும் சிலது தலையெடுக்க ஒன்றிரண்டு கிழமை ஆகும். ஆனால் விறைப்பது சாவதல்ல. பெட்டியில் ஐஸ் உருகிய மறுகணமே விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இந்த வேறுபாட்டைக் கருவாட்டுக்காரர் ஒருபோதும் மறப்பதில்லை. உப்பும் உலர்தலும் பற்றீரியாவில் ஒரு பகுதியைக் கொல்லும், மிச்சத்தை நிறுத்தி வைக்கும். ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் கருவாடு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அப்போது நிறுத்தி வைக்கப்பட்டவை எழுந்துவிடும். மாரி காலத்தில் பழைய சரக்கின்மேல் சிலசமயம் சிவப்பாக ஒரு படிவு தோன்றும். அது வேறு கதை. உப்பளத்தில் நீர் வற்றி உப்பு விளையப்போகும் தறுவாயில் பாத்திகள் இளஞ்சிவப்பாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். கடல்நீர் வற்றி ஏழு எட்டு மடங்கு செறிந்த பிறகும் அதில் வாழக்கூடிய நுண்ணங்கிகளின் நிறம் அது. பற்றீரியாவைப்போலத் தோன்றினாலும் ஆர்க்கியா என்ற தனிக் குலத்தைச் சேர்ந்தவை. சூரிய வெயிலில் விளைந்த உப்போடு கூடவே அவையும் மீனுக்கு வந்து சேர்கின்றன. எல்லோருக்கும் சாவாக இருக்கும் உப்பு அவற்றுக்கு உயிர். நல்ல தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும்.

மீனை விட்டுப் பனைக்குப் போனாலும் கதவு அதுவேதான். தீவு முழுக்கப் பனை. பாளை சீவி முட்டி கட்டும் தொழிலாளி முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் விடியலில் இறங்குவது கருப்பநீர். தடவாவிட்டால் இறங்குவது கள்ளு. நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் சீனி இருக்கும் இனிப்பு நீர், 28 பாகை இரவு, திறந்த மண் பானை: மதுவமும் சைமோமொனாஸ் போன்ற பற்றீரியாக்களும் முட்டி மரத்தில் தொங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு அந்த நீரைக் காரமாக்கி விடுகிறது. அவற்றின் நொதியங்கள் அங்கே வேலை செய்யா. ஒரு விரல் சுண்ணாம்பு, குழந்தைக்குக் கொடுக்கும் பானத்துக்கும் பெரியவர்கள் ஒளித்துக் குடிக்கும் பானத்துக்கும் நடுவே எல்லை போடுகிறது. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கினால் காவல் மாறும். அங்கே உப்பின் வேலையைச் சீனி பார்க்கும், நீரை இறுகப் பிடித்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காது. ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு என்று பனையிலிருந்து வரும் பண்டங்களில் எத்தனை காயவைத்தவை என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கரையின் சமையல் முறை விளங்கும்.

இலங்கை முழுக்கப் பார்த்தால் மூன்றாவது வேலி புளி. தென்பகுதியில் உப்போடு கொறுக்காய்ப்புளியும் சேர்த்து மீனை அடுக்கி ‘ஜாடி’ போடுவார்கள். புளிப்பும் உப்பும் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்கின்றன. மீன் குழம்புக்குப் புளி விடும் வழக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன் நாற்றம் என்று நாம் சொல்வது பற்றீரியாக்கள் உண்டாக்கும் டிரைமீதைலமீன் என்ற காரப்பொருளின் மணம். புளியிலுள்ள அமிலம் அதைக் கட்டிப்போட, நாற்றம் அடங்கும். கெட்ட மீனை மறைக்கவும் இது உதவும் என்பதைச் சந்தையில் மீன் வாங்கும் அம்மாமாருக்குச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமான நாள்குறிப்பு கடலட்டையில். வளைகுடாவின் இரு கரையிலும் வழிவழியாக வந்த முறை இது. வெள்ளை அட்டையின் குடலை நீக்கி அவித்ததும் அப்படியே காயவைத்தால் விலை போகாது. அதன் தோலில் சுண்ணாம்புத் துணிக்கைகள் பொதிந்த ஒரு படை இருக்கும். அது போக வேண்டும். கத்தியால் சுரண்டினால் சதையும் சேர்ந்து போகும். ஆகவே கரை மணலில் குழி தோண்டி அவித்த அட்டைகளை ஓர் இரவு புதைத்து விடுவார்கள். மணலுக்குள் பற்றீரியாக்கள் அந்த மேற்படையை மட்டும் அழுகச் செய்துவிடும். விடிந்ததும் தோண்டியெடுத்து, காலால் மிதித்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்தால் கறுத்து இறுகிய அட்டை தயார். சிங்கப்பூர், ஹொங்கொங் சந்தைக்குப் போகும் பண்டம். ஓர் இரவு. இரண்டு இரவு விட்டால் சதையில் கை வைத்துவிடும். முத்துச் சிப்பிக்குப் பத்து நாள், அட்டைக்கு ஓர் இரவு, கருவாட்டுக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை.

முத்துக்குளிப்புக்குத் திரும்பினால், அங்கே பற்றீரியா சிப்பியோடு நிற்கவில்லை. குளிப்புப் பருவத்தில் வெறும் மணல் கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் ஆட்கள். கடை, ஏலம், பொலிஸ், சாராயம், பாம்பாட்டி. பருவம் முடிந்ததும் நகரம் காணாமற்போகும். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாளிகை மட்டும் இடிந்த சுவராக இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. இவ்வளவு பேருக்கும் குடிக்கச் சில கிணறுகளும் குளங்களும். கழிவுக்கு மணல். வாந்திபேதி, அதாவது கொலரா, வந்து குளிப்பையே கலைத்த பருவங்கள் உண்டு. இதே கரையில் இறங்கிக் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்குப் போன கோப்பித் தோட்டத் தொழிலாளரையும் அது வழியெங்கும் தின்றது.

சிப்பிக் குவியலின் நாற்றந்தான் நோய்க்குக் காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். நாற்றம் குற்றமற்றது. 1883 கடைசியிலும் 1884 தொடக்கத்திலும் கல்கத்தாவில் தங்கிய ரொபேட் கோக், காற்புள்ளிபோல வளைந்த ஒரு பற்றீரியாவை நோயாளிகளின் குடலிலும், அவர்கள் துணி துவைத்த அதே குளத்தின் குடிநீரிலும் கண்டார். இன்னொன்றையும் கவனித்தார். அதைக் காயவைத்தால் சில மணித்தியாலத்தில் செத்துப்போனது. நீரில் நாட்கணக்காக வாழும் கொடியவன் வெயிலில் உலர்ந்த துணியில் அரை நாள் தாங்கவில்லை. கருவாட்டுத் தட்டில் நடப்பதுதான் அங்கும் நடந்தது.

இந்தப் பற்றீரியாவைக் கட்டுப்படுத்தும் வேறு சிலதும் உண்டு. நம் வயிற்றின் அமிலம் பெரும் பகுதியைக் கொன்றுவிடும். நல்ல வயிறுள்ளவரை வீழ்த்த அது கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். ஆற்றுமுகங்களில் அது பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத சிறு கடலுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. இதை வைத்து வங்காளதேசத்தின் மட்லாப் கிராமங்களில் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. பழைய சேலையை நாலாக மடித்து அதன் வழியே குளத்து நீரை வடித்துக் குடித்தவர்களிடையே கொலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. துணியின் கண்களில் பற்றீரியா புகுந்துவிடும். அது ஏறி வரும் வாகனந்தான் புக முடியாமல் நின்றுவிடுகிறது.

ஆட்சியாளர்கள் கையிலெடுத்தது நாட்கணக்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் சில நாட்கள் தடுத்து வைத்தார்கள். கொலரா உடம்பில் புகுந்தால் ஐந்து நாளுக்குள் வெளிப்பட்டுவிடும். ஐந்து நாள் கழிந்தும் நடமாடுபவரைக் கப்பலேற்றலாம். தொழிலாளியை மனிதனாக எண்ணிச் செய்த ஏற்பாடு என்று இதைச் சொல்வதற்கில்லை. தோட்டத்துக்கு ஆள் குறையக் கூடாது என்ற கணக்குத்தான். ஆனாலும் கணக்கு வேலை செய்தது. பின்னாளில் அதே மண்டபம் முகாமில் இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் குடியேறி, அதன் விஞ்ஞானிகள் கடலட்டையை மணலில் புதைக்கும் முறையையும் எழுதி வைத்தார்கள். இன்னும் பின்னால், பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவுப் படகேறித் தப்பிய குடும்பங்களைத் தங்கவைத்ததும் அந்த முகாம்தான்.

கடலில் மட்டும் இந்த வேலை எதுவும் தேவையில்லை. தலைமன்னார்க் கரையில் ஒரு தேக்கரண்டி கடல்நீரை அள்ளினால் அதில் பற்றீரியாக்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தாக்கும் வைரசுகள் அவற்றைவிடப் பல மடங்கு. 1896இல் ஏர்னஸ்ட் ஹாங்கின் என்பவர் கங்கை, யமுனை நீர் கொலராப் பற்றீரியாவைக் கொல்கிறது என்று எழுதியபோது காரணம் யாருக்கும் புரியவில்லை. 1917இல் பெலிக்ஸ் டெரெல் அத்தகைய வைரசுகளுக்குப் பற்றீரியா தின்னி என்று பெயர் வைத்தார். கடலில் உள்ள பற்றீரியாக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஒவ்வொரு நாளும் இவற்றால் சாகிறது. இரண்டு நாளில் பூமியை மிஞ்சும் அந்தக் கணக்கை இரவு பகலாகக் கழித்துக்கொண்டே இருப்பவை இவைதான்.

கருவாட்டு வாடிக்கு அந்தக் காவல் வந்து சேர்வதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தட்டுகளின் ஓரத்தில் லொறி வந்து நிற்கிறது. ஏற்றுவதற்கு வந்த இளைஞன் ஒரு கட்டாவைத் தூக்கிப் பார்க்கிறான். மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஓரம் பலகைபோல இறுகியிருக்கிறது.

“என்னக்கா, இதை இண்டைக்கு ஏத்தலாமே?”

அவள் பதில் சொல்வதற்கு முன் மீனை வாங்கி, நடுமுள்ளை ஒட்டிப் பெருவிரலால் ஓர் அமத்து அமத்துகிறாள். விரலை எடுத்த இடத்தில் குழி நிற்கிறது. மேலெழும்பவில்லை. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மேற்கே மேகத்தைப் பார்க்கிறாள்.

“முள்ளுப் பக்கம் இன்னும் மெதுமெதுப்பாக் கிடக்குது தம்பி. இன்னும் ஒரு வெயில் வேணும். நாளைக்கு வா.”

மீன் மறுபக்கம் திருப்பிப் போடப்படுகிறது. லொறி நெத்தலி மூட்டைகளோடு மட்டும் கிளம்புகிறது.